எடுத்துக்காட்டு வாக்கியத்தில் ஒரு வீடு

எங்களைக் கள ஆய்வுக்கு அனுப்பிய பேராசிரியர் ஒரே ஓர் அறிவுரையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: "வடிவத்தைக் கேளுங்கள். பொருளுக்குள் போய் உட்கார்ந்துவிடாதீர்கள்." ஒருவர் தம் மாடு செத்த கதையைச் சொல்லும்போது நாம் மாட்டுக்காக வருந்திக்கொண்டிருந்தால், அவர் வாயில் வந்த வேற்றுமை உருபு காதைக் கடந்து போய்விடும் என்பது அவர் வாதம். அதைப் பணிக்காலம் முழுவதும் கடைப்பிடித்தேன். அதனால் நல்ல பெயரும் பெற்றேன். மொழி ஆய்வுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கும் அதையே சொல்வேன். ஆனால் அதனோடு சேர்த்துச் சொல்லவேண்டிய நிகழ்ச்சி ஒன்று, நான் ஓய்வு பெற்ற பிறகு கும்மிடிப்பூண்டியில் நடந்தது. அதை இன்றளவும் முழுமையாகத் தெளிந்துகொண்டேன் என்று சொல்வதற்கில்லை.

நான் கல்லூரியில் பிரெஞ்சு கற்பித்தவன். என் ஆய்வு, பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழிகளில் பெயர்த்தொடர் எவ்வாறு அமைகிறது, எவ்வாறு மாறுகிறது என்பது பற்றியது. பிரெஞ்சில் பெரும்பாலும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'லா' போன்ற ஒரு சிறு சொல் நின்றாகவேண்டும். மொரீஷியஸ் தீவில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் அம்மொழியைக் காதால் கேட்டுத் தமதாக்கிக்கொண்டபோது, அந்தச் சிறு சொல் பெயரோடு ஒட்டிப்போயிற்று. வீட்டைக் குறிக்கும் 'லா காஸ்' என்ற இரு சொற்கள் 'லாகாஸ்' என்ற ஒரே சொல்லாயின. முன்னால் இருந்த லா வேலையிழந்தது. பிறகு மொழி வேறொரு லாவைக் கொண்டுவந்து பெயருக்குப் பின்னால் நிறுத்தியது. 'லாகாஸ் லா' என்றால் அந்த வீடு. நாம் பேசிக்கொண்டிருக்கும் வீடு. இந்தப் பின்லா எங்கே வரும், எங்கே பெயர் வெறுமனே நிற்கும், அது தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறதா என்பவை என் கேள்விகள். 'வீடு ஒழுகுகிறது' என்று எந்தச் சுட்டும் இல்லாமலே பேசிப் பழகிய தமிழர்களுக்கு இதில் பெரிய மர்மம் இருக்காது.

திருவள்ளூரை அடுத்த மணவாள நகரில் குடியிருக்கும் எனக்குத் தீவுக்குப் போகவேண்டிய அவசியம் நேரவில்லை. அங்குள்ள கரும்பாலை ஒன்றுக்காகக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருளைகள் வார்க்கப்படுவதாகவும், அவற்றை மேற்பார்வையிட ரமேன் என்பவர் மனைவியோடு வந்து தங்கியிருப்பதாகவும், அத்தொழிற்சாலையில் மேலாளராக இருக்கும் என் பழைய மாணவர் தெரிவித்தார். ரமேனும் அவர் மனைவி மாலினியும் தமிழ் வழியினர். பெயரும் தைப்பூசக் காவடியும் அவர்களிடம் மிஞ்சியிருந்தன, தாய்மொழி கிரியோல். புதுச்சேரியில் நடக்கவிருந்த ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரை தருவதாக நான் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தேன். ஊத்துக்கோட்டையில் பேருந்து மாறினால் போய்ச் சேரக்கூடிய தொலைவில் இரண்டு கிரியோல் பேச்சாளர்கள் கிடைத்ததை நல்வாய்ப்பாகவே கருதினேன்.

அப்போது எனக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுவது முறை. மாலினிக்குத் தாய்வழி வந்த வீடு ஒன்று தீவில் பூட்டிக் கிடந்தது. அந்த ஆண்டுக்குள் ஊர் திரும்பி அதில் வாழவேண்டும் என்பது அவர் விருப்பம். ரமேனின் அண்ணனோ, மகன் திருமணத்தை முன்னிட்டு இடம் போதவில்லை என்று அதே வீட்டைக் கேட்டிருந்தார். அண்ணனிடம் மறுத்துப் பேசத் தெரியாத ரமேன், மனைவிக்குச் சொல்லாமலே சாவியைக் கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டார். வீட்டுப் பேச்சை எடுத்தாலே சண்டை மூண்டதால், கணவனும் மனைவியும் அதைப் பேசுவதையே நிறுத்தியிருந்தார்கள். இந்த நிலையில்தான் நான் போய் இருவரிடமும் தனித்தனியே, "வீடு என்ற சொல்லை வைத்து வாக்கியங்கள் சொல்லுங்கள்" என்று கேட்டேன்.

வீட்டைத் தேர்ந்தெடுத்ததற்குத் தக்க காரணம் உண்டு. ஒட்டிப்போன பழைய லாவையும் பின்னால் வரும் புதிய லாவையும் ஒரே தொடரில் காட்டும் எளிய சொல் அது. வீட்டைப் பற்றிப் பேச எவருக்கும் யோசிக்கவேண்டியிராது. தனித்தனியே கேட்டதற்கும் காரணம் உண்டு. ஒருவர் விடை மற்றவர் விடையைச் சாய்த்துவிடக்கூடாது. இவை நம் துறையின் ஒழுங்குகள். இவற்றில் நான் எதையும் மீறவில்லை.

ரமேனைத் தொழிற்சாலையின் பார்வையாளர் அறையில் சந்திப்பேன். என்னிடம் பிரெஞ்சில் பேசுவார். எடுத்துக்காட்டை மட்டும் கிரியோலில் சொல்வார். மாலினியைக் கடைத்தெருவை ஒட்டி அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த மாடி வீட்டில் சந்திப்பேன். வீட்டுக்காரர் தனலட்சுமி அம்மாள், அந்நிய ஆண் ஒருவன் வந்துபோவதால், வாசற்படியில் முறத்தோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவார். மாலினி தமிழ் கற்றது அவரிடமிருந்துதான். ஆகவே தீவிலிருந்து வந்த அந்தப் பெண்மணி என்னை வரவேற்ற முதல் சொற்கள், "இன்னா சார், நாஷ்டா துன்னியா?" என்பவையாக இருந்தன. மாணவர்களே என் முன் உட்காரத் தயங்கிய காலத்தைக் கண்டவன் நான். என்றாலும், எனக்கு எதிரே இருப்பவர் 'நீங்கள்' என்ற மரியாதைப் பன்மையை இன்னும் கேட்டறியாதவர் என்பதைக் குறித்துக்கொண்டு மேலே சென்றேன்.

வாக்கியங்கள் என்னைக் குழப்பின. மாலினி சொன்னவை இத்தகையவை: என் வீட்டில் இப்போது யாரும் இல்லை. என் வீட்டுச் சன்னலை நானே திறப்பேன். என் வீட்டில் என் அம்மாவின் கட்டில் இருக்கிறது. ரமேன் சொன்னவை வேறு வகை: அந்த வீட்டில் விளக்கு எரிகிறது. அந்த வீட்டில் பிள்ளைகள் ஓடுகிறார்கள். அந்த வீடு கடலுக்குத் தொலைவு. மாலினியின் வாயில் பின்லா மருந்துக்கும் வரவில்லை. ரமேனின் வாயிலோ அது வராத வாக்கியமே இல்லை. ஒரே தீவு, ஒரே சமூகம், ஏறத்தாழ ஒரே வயது. இருவரும் ஏன் இப்படிப் பிரிகிறார்கள்? ஆண் பெண் வேறுபாடோ, ஊர் வேறுபாடோ, மாற்றத்தின் நடுவில் நிற்கும் ஒரு மொழியின் இரு முனைகளோ என்று பேருந்தில் யோசித்துக்கொண்டே வருவேன். மாற்றம் என்ற முடிவு எனக்குப் பிடித்திருந்தது. கட்டுரையின் முன்னுரையையும் அந்தக் கோணத்திலேயே எழுதத் தொடங்கினேன்.

ஒருநாள் தனலட்சுமி அம்மாள் முறத்தைக் கீழே வைத்தார்.

"இன்னா சார், நானும் பார்த்துக்கினே கீறேன். வர்ற, குந்துற, ஊடு ஊடுன்னு கேக்குற. நீ இன்னா புரோக்கரா?"

"நான் மொழி ஆய்வாளன், அம்மா."

"ஊட்டுல இன்னாத்த ஆய்வு பண்ற?"

"வீட்டை அன்று. வீடு என்ற சொல்லை."

"சொல்லுக்கா இந்த வெயில்ல திருவள்ளூர்லருந்து வர்ற?" அவர் மாலினியைப் பார்த்தார். "உசாரா இரும்மா. இப்படித்தான் நைசா பேசிக்கினு வருவானுங்க. கடசீல எங்கியாவது கையெழுத்து போடுன்னுவானுங்க."

மாலினி சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கள ஆய்வில் இரண்டாம் கட்டம் ஒன்று உண்டு. ஒருவர் சொன்ன வாக்கியத்தை இன்னொருவருக்குக் கேட்பித்து, "இப்படிச் சொல்வீர்களா?" என்று கேட்கவேண்டும். யார் சொன்னது என்று வெளியிடக்கூடாது. பதிவை ஒலிக்கவிட்டால் குரல் தெரிந்துவிடும் என்பதால், ரமேனின் வாக்கியங்களை நானே வாசிப்பது என்று முடிவு செய்தேன். என் உச்சரிப்பைப் பிரெஞ்சுக்காரர்களே பாராட்டியதுண்டு. கிரியோலையும் நன்றாகவே பழகியிருந்தேன். விளக்கைப் பற்றிய வாக்கியத்தை வாசித்தேன். மாலினி தோளைக் குலுக்கி, சொல்லலாம் என்றார். கடலைப் பற்றியதை வாசித்தேன். அதுவும் சரி என்றார். அடுத்து, முந்தின நாள்தான் ரமேன் சொல்லியிருந்த வாக்கியத்தைத் தெளிவாக, நிறுத்தி வாசித்தேன்.

அந்த வீட்டை என் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டோம்.

"இன்னா சொன்ன?" என்றார் மாலினி.

சரியாகக் கேட்கவில்லை போலும் என்று எண்ணி, இன்னும் தெளிவாக மறுபடி வாசித்தேன். "இப்படிச் சொல்வீர்களா, மாட்டீர்களா?"

"மாட்டேன்."

ஏற்கவில்லை என்று குறித்துக்கொண்டேன். என் கருதுகோளுக்கு அது பொருந்தியது என்பதையும் மறைக்கவில்லை. "எந்தச் சொல் பொருந்தவில்லை?" என்று கேட்டேன்.

"எல்லாமே." அவர் எழுந்து நின்றார். "எப்போ குடுத்தது?"

"இது வெறும் எடுத்துக்காட்டு வாக்கியம், அம்மா."

"உனக்கு அண்ணன் கீறாரா சார்?"

"இல்லை. நான் மூத்தவன்."

"அப்போ இது யாரோட அண்ணன்?"

அந்த விடையைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. எத்தனையோ ஊர்களில், எத்தனையோ பேரிடம் இந்தக் கேள்வி முறையைக் கையாண்டிருக்கிறேன். வாக்கியம் யாருடையது என்று எவரும் கேட்டதில்லை. கேட்டாலும், பல பேச்சாளர்களுள் ஒருவர் என்று சொல்லிக் கடந்துவிடலாம். இங்கே பேச்சாளர்கள் இருவர் மட்டுமே. அவர்களுள் ஒருவர் என் எதிரில் நின்றார்.

மாலினி சன்னல் பக்கம் போனார். திரும்பி வந்து உட்கார்ந்து, "மிசினப் போடு. நான் ஒண்ணு சொல்றேன்" என்றார். கிரியோலில் நிதானமாகச் சொன்னார். சாவி என் கைக்கு வராவிட்டால் நான் ஒருத்தியாகப் போவேன், பிறகு எவனுக்கும் கதவு திறக்கமாட்டேன் என்பது அதன் பொருள். முடித்துவிட்டு என் கையிலிருந்த பதிவுக் கருவியைச் சுட்டிக் காட்டினார். "இத்த அவன்கிட்ட படி. சொல்வானா மாட்டானான்னு கேளு. அதான உன் வேலை?"

படியிறங்கும்போது தனலட்சுமி அம்மாள் வழியை மறித்தார். "இன்னா சார் சொன்ன? பொண்ணு அயுவுது."

"ஒரு வாக்கியம் வாசித்தேன்."

"வாக்கியம் படிச்சா அயுவுமா? இன்னா பேஜாரு பண்ணி வச்ச?"

கடைத்தெருவில் நின்று யோசித்தேன். மாலினியின் பதிவை ரமேனுக்குக் கேட்பித்தால், நான் ஆய்வாளன் அல்லன், தூதன். அதன் பிறகு இருவரும் எனக்குத் தரும் எந்த வாக்கியமும் மொழிச் சான்றாகாது. கேட்பிக்காமல் விட்டால், கணவர் வாயிலிருந்து எடுத்த செய்தியை மனைவிக்கு அறிவித்துவிட்டு, மனைவியின் மறுமொழியைப் பையில் வைத்துக்கொண்டு போகிறவன் ஆகிறேன். இரண்டையும் விட்டு அடுத்த பேருந்தில் ஏறுவது எளிது. என் பெயருக்கும் அதுவே பாதுகாப்பு. அந்தப் பேருந்து வந்து நின்றது, போயிற்று. எது சரி என்று தெளிந்து நான் அங்கே நின்றேன் என்று நினைத்துவிடாதீர்கள். தெளியாததால்தான் நின்றேன். பிறகு ஆட்டோ பிடித்துத் தொழிற்சாலைக்குப் போனேன்.

"புரொபசர், இன்று என் முறை இல்லையே," என்றார் ரமேன். "என்ன சொல்? மறுபடியும் வீடா?"

"இன்று சொல் எதுவும் இல்லை. நீங்கள் சொன்ன ஒரு வாக்கியத்தை உங்கள் மனைவியிடம் வாசித்தேன். அண்ணனைப் பற்றியது."

"அதை உங்களிடம் அல்லவா சொன்னேன்?"

"எடுத்துக்காட்டு என்று எண்ணினேன்."

"எடுத்துக்காட்டு என்பதால்தான் சொன்னேன். வேறு எங்கே போய்ச் சொல்வது? மாதக்கணக்காக நெஞ்சில் கிடந்தது. வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம் என்று நீங்கள் கேட்டபோது, வந்துவிட்டது." அவர் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அவள் என்ன சொன்னாள்?"

பதிவுக் கருவி என் சட்டைப் பையில் இருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை. "அதை அவரிடம்தான் நீங்கள் கேட்கவேண்டும். நானும் உடன் வருகிறேன்."

"நீங்கள் எதற்கு?"

"செய்தி என் குரலில் போயிருக்கிறது. நான் அங்கே நிற்பது முறை."

மாடியில் நடந்தது முழுவதும் கிரியோலில் நடந்தது. முதலில் மாலினி பேசினார். ரமேன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரமேனே தொலைபேசியை எடுத்து அண்ணனை அழைத்து, எல்லோரும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார். அண்ணன் குரல் உரத்தது, விரைந்தது. எடுத்தவுடனே ஏதோ சொல்லிச் சிரித்தது. நான் கவனமாகக் கேட்டேன். லாகாஸ் என்ற சொல் வந்தபோதெல்லாம், பின்னால் லா வருகிறதா என்று என் காது தானாகவே தேடிற்று. தேடி முடிப்பதற்குள் பேச்சு எங்கோ போய்விட்டது. அண்ணன் இணங்குகிறாரா, திட்டுகிறாரா? நடுவில் ஒருமுறை அண்ணன் தம்பி இருவருமே சிரித்தார்கள். அது சமாதானமா, அவமானமா? அந்த மொழியைப் பற்றி அச்சேறிய கட்டுரைகள் எழுதியவன் நான். அந்த அறையில் என்ன நடக்கிறது என்பதை அறிய எனக்கிருந்த ஒரே வழி மாலினியின் முகத்தைப் பார்ப்பது. அதிலும் ஒன்றும் தெரியவில்லை. ரமேன் ஒரே வாக்கியத்தை மூன்று நான்கு முறை சொன்னார், ஒவ்வொரு முறையும் குரல் தாழ்ந்தது. பிறகு அழைப்பு துண்டிக்கப்பட்டது.

தனலட்சுமி அம்மாள் என் முழங்கையைத் தொட்டார். "இன்னா சார் ஆச்சு?"

"தெரியவில்லை, அம்மா."

"இன்னாத்துக்குத்தான் நீ எழுதிக்கினு கீற?"

மாலினியே சொன்னார். "கண்ணாலம் முடிஞ்சதும் அவரு காலி பண்ணிடுவாரு. சாவிய எங்க சித்திகிட்ட குடுத்துடுவாரு. இவன் கேட்டுட்டான்." ரமேனை ஏறிட்டுப் பார்க்காமலேயே, "லேட்டு. ஆனா கேட்டுட்டான்" என்றார். நான் விடைபெற்றபோது டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தேன்.

மாலினி ஊர் திரும்பினார். உருளைகள் முடியவில்லை என்பதால் ரமேன் இங்கேயே இருந்தார். கருத்தரங்கு அமைப்பாளர்களுக்கு, சான்றுகள் போதவில்லை, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று தெரிவித்தேன். வயதின் தளர்ச்சி என்று சிலர் பேசிக்கொண்டதாகக் கேள்வி. அவர்களுக்கு நான் விளக்கம் அளிக்கவில்லை, இங்கும் அளிக்கப்போவதில்லை. மாலினியின் வாயில் பின்லா வராமல் போனது அவருடைய பேச்சு வழக்கா, வீட்டை விட்டுக்கொடுக்காத உறுதியா? ரமேன் ஒவ்வொரு முறையும் 'அந்த வீடு' என்றது மொழி மாறுவதன் அறிகுறியா, அந்த வீட்டைத் தம்மிடமிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தும் முயற்சியா? இரண்டும் கலந்திருந்தால் எந்த அளவில்? இவற்றைப் பிரித்தெடுக்கும் வழி எனக்குத் தெரியாது. பிரித்துவிட்டதாக யாராவது எழுதினால் அவரிடம் முறையைக் கேளுங்கள்.

உங்களுக்கு நான் தரக்கூடியது மிகச் சிறியது. வடிவத்தைக் கேளுங்கள், எங்கள் பேராசிரியர் சொன்னதை நான் கைவிடவில்லை. ஆனால் ஒருவர் தந்த வாக்கியத்தை இன்னொருவரிடம் வாசிக்கும் முன்பு, அது உண்மையாக இருந்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை உங்களுக்குள் வாசித்துப் பாருங்கள். ஒரே வீட்டில் வாழும் இருவரை ஒருவருக்கொருவர் சான்றாக வைக்காதீர்கள். அப்படி நேரிட்டுவிட்டால், அடுத்த பேருந்தில் ஏறாதீர்கள்.

மாலினி போய் இரண்டு மாதம் கழித்து ரமேன் தாமாகவே தொலைபேசியில் அழைத்து, உங்கள் ஆய்வு நிற்கவேண்டாம், வாருங்கள் என்றார். போனேன். வீட்டைத் தொடவில்லை. மேசைக்கு வாக்கியம் கேட்டேன். பார்வையாளர் அறை மேசை ஆடுகிறது என்றார். தண்ணீருக்குக் கேட்டேன். அதை 'டிலோ' என்பார்கள். அதிலும் பழைய பிரெஞ்சுச் சிறு சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் சற்றே யோசித்துவிட்டுச் சொன்னார்: மாலினியின் வீட்டுக்குள் மழைத் தண்ணீர் வந்துவிட்டது.

பதிவுக் கருவியை அணைத்தேன். "எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"சமையலறைப் பக்கம். தகரம் பெயர்ந்திருக்கிறது. ஆள் வைத்து ஆணி அடித்துவிட்டாளாம்."

"உங்களிடம் சொன்னாரா?"

"நேற்று," என்றார் ரமேன். "அவளாகத்தான் கூப்பிட்டாள்."